ஒன்பது விநாடிக் காணொளி

ஜொகூர் மாநிலத்தில், சாஆ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மாணவர்கள் எழுபது பேர்கூட இல்லை. ஆசிரியர்களும் குறைவு என்பதால் ஆளுக்கு மூன்று நான்கு பொறுப்புகள். பயிற்சிக் கல்லூரியில் நான் படித்தது கணிதம். பள்ளிக்கு வந்த முதல் வாரத்தில் கணினி அறைச் சாவியை என் கையில் கொடுத்தார்கள். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் கணினி ஆசிரியர். அப்படித்தான் நான் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுப்பவள் ஆனேன்.

ஒரு மழைக்காலத்தில் அந்த அறைக்குள் முழங்கால் அளவு வெள்ளம் ஏறியது. மேசைக்கு அடியில் வைத்திருந்த கணினிப் பெட்டிகள் எல்லாம் சேறு குடித்துச் செத்துப்போயின. அதற்குப் பிறகு பெற்றோர் ஒருவரின் முயற்சியில், ஜொகூர் பாருவில் ஓர் அலுவலகம் பயன்படுத்தி ஒதுக்கிய பத்து டேப்லெட் கைக்கணினிகள் எங்களுக்குக் கிடைத்தன. பழையவைதான். சிலவற்றில் கண்ணாடி கீறியிருந்தது. ஆனால் அவை வந்த அன்று பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வேலிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் கைப்பேசியிலேயே பாடம் படித்த பிள்ளைகள். ஆகவே இவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். விரலால் தள்ளத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். செய்ததைச் சேமிக்கத் தெரியாது. சேமித்தாலும் எங்கே என்று தெரியாது.

"டீச்சர், நேத்து செஞ்சத காணோம்."

"எங்க வச்ச?"

"உள்ள."

"உள்ளன்னா எங்க?"

அந்தப் பிள்ளை கைக்கணினியைத் திருப்பி முதுகைக் காட்டினான். "இதுக்குள்ள டீச்சர்."

மறுநாள் எல்லாரையும் வெளியே அழைத்துப்போய்க் காலணிகளைக் கழற்றிக் குவியலாகப் போடச் சொன்னேன். பிறகு, உங்கள் காலணியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்றேன். சிரித்து உருண்டார்கள். அடுத்து, அடுக்குத் தட்டில் பெயர் ஒட்டி ஆளுக்கோர் இடம் கொடுத்தேன். கோப்பு, கோப்புறை என்பதை அன்றுதான் புரிந்துகொண்டார்கள். கடவுச்சொல் பாடம் இவ்வளவு எளிதாக முடியவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு வாரம் சொன்னேன். ஒரு சிறுமி எழுந்து நின்று, "நான் யார்கிட்டயும் சொல்லல டீச்சர். இவகிட்ட மட்டும்தான் சொன்னேன். இவ என் பெஸ்ட் பிரெண்டு," என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளோடு செவ்வாய்க்கிழமைதோறும் 'பள்ளிச் செய்தி' என்று ஒன்று தொடங்கினேன். அவர்களே பேட்டி எடுப்பார்கள், படம் பிடிப்பார்கள், வெட்டி ஒட்டி இரண்டு நிமிடக் காணொளி செய்வார்கள். அடுத்த திங்கள் சபைகூடலில் அதை எல்லாரும் பார்ப்பார்கள். மூன்று விதிகள் வைத்திருந்தேன். கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது. வெட்டும்போது அசலை அழிக்கக் கூடாது. நான் பார்க்காமல் எதுவும் வெளியே போகக் கூடாது.

அந்தக் குழுவில் ஒரு பெண் இருந்தாள். அப்பா செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறார், அம்மா லாபிஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வகுப்பில் அவள் குரலைக் கேட்பது அரிது. ஆனால் அவள் வெட்டி ஒட்டிய படத்தில் எங்கே வெட்டு விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. எப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"பேசறவங்க மூச்சு இழுப்பாங்கல்ல டீச்சர்? அந்த எடத்துல வெட்டினா தெரியாது."

நான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே தெரியாது. அன்று முழுவதும் அதை நினைத்து நினைத்து மகிழ்ந்தேன். மாலையில் காரில் வரும்போது அக்காவிடமும் சொன்னேன்.

அக்கா என்பது உறவு முறையில் அல்ல. என் பள்ளியிலேயே மலாய்மொழி கற்பிப்பவர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். இருவரும் சிகாமட் நகரத்தில் அடுத்தடுத்த குடியிருப்புத் தாமான்களில் வசிக்கிறோம். ஒன்பது ஆண்டுகள் ஒரே காரில் போய்வந்தோம், ஒரு வாரம் அவர் கார், ஒரு வாரம் என் கார். லாபிஸில் ஒரு கடையில் நிறுத்தி தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலம் இரண்டு வாங்குவோம். அவருக்குச் சம்பல் அதிகம், எனக்கு முட்டை வேண்டாம். போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். கணவரிடம் பேசியதைவிட அவரிடம்தான் நான் அதிகம் பேசியிருப்பேன். என் அம்மா மூன்று வாரம் சிகாமட் மருத்துவமனையில் கிடந்தபோது என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்தவர் அவர். என் மகனைப் பாலர்பள்ளியிலிருந்து அழைத்துவந்து சோறு போட்டுத் தூங்கவைத்தவரும் அவர்தான். இதையெல்லாம் நான் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் அடுத்து நடந்தது வெறும் அலுவலகச் சண்டையாகத் தெரியும்.

எங்கள் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் பணி ஓய்வுக்குப் போகவிருந்தார். அந்த இடம் அக்காவுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தோம். அவரும் நினைத்தார். ஒருநாள் தலைமையாசிரியர் என்னை அறைக்கு அழைத்து, "நீங்க மனு போடுங்க டீச்சர். கைக்கணினி, பள்ளிச் செய்தி, இதெல்லாம் மேல நல்லா தெரிஞ்சிருக்கு," என்றார். அக்காவின் பெயரைச் சொன்னேன். "அவங்களும் போடட்டுமே. யாரு வேணாம்னா?" என்றார்.

மனுவை நிரப்பினேன், பள்ளி அலுவலக அச்சுப்பொறியில் அச்செடுத்தேன், அனுப்பினேன். அக்காவிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இரண்டு வாரம் ஓடியது. ஒவ்வொரு நாளும் காரில் ஏறும்போது வாயைத் திறப்பேன். பிறகு வானிலையைப் பற்றிப் பேசுவேன். என் பக்கத் தவறு இது. அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும்.

இந்த நேரத்தில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

பத்துக் கைக்கணினிகளில் ஒன்றின் முதுகு உப்பியிருந்தது. பழைய பேட்டரி, மூடிய அலமாரியின் வெக்கை. வகுப்புக்கு முன்பே அதைப் பார்த்தேன். அலுவலகத்துக்கு எடுத்துப்போக வேண்டும் என்று நினைத்து ஜன்னல் ஓரம் வைத்தேன். அதற்குள் இரண்டு பிள்ளைகள் ஒலிவாங்கிக்குச் சண்டை போட, அதைத் தீர்க்கப் போய்விட்டேன். அந்தப் பெண் ஒரு பேட்டியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது ஜன்னல் ஓரத்தில் ஒரு பையன் கவராயத்தின் கூர்முனையை உப்பிய இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை.

நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. அவன் கையில் ஓங்கித் தட்டினேன். கவராயம் தெறித்து விழுந்தது. "கைய எடு! அறிவிருக்கா உனக்கு? எடுடா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பையன் வெடித்து அழுதான். அப்புறம் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "இது வெடிக்கும்டா கண்ணு. குத்தினா தீப்புடிச்சிடும். முகமெல்லாம் வெந்துபோயிருக்கும்," என்றேன்.

அந்த நேரம் அக்காவுக்கு வகுப்பு இல்லை. சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றார். "அக்கா, கொஞ்சம் பிள்ளைங்கள பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு, பையனை முகம் கழுவ அனுப்பினேன். கைக்கணினியை ஒரு துணியில் பிடித்தபடி திடலுக்குப் போய் மணல் வாளியில் போட்டேன். தலைமையாசிரியர் கூட்டத்துக்காக சிகாமட் போயிருந்தார். திரும்பிவர எனக்கு இருபது நிமிடம் ஆகியிருக்கும். அக்கா அமைதியாகப் பிள்ளைகளை உட்காரவைத்திருந்தார். நன்றி சொன்னேன்.

மாலை ஆறு மணிக்குப் பெற்றோரின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் அந்தக் காணொளி வந்தது. ஒன்பது விநாடி. நான் பாய்கிறேன், அடிக்கிறேன், கத்துகிறேன், பிள்ளை அழுகிறான். முடிந்தது. உப்பிய கைக்கணினி என் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது. கவராயம் தெரியவில்லை. நான் அவனைக் கட்டிப்பிடித்தது அதில் இல்லை. நான் மூச்சு இழுக்கும் இடத்தில், 'இது வெடிக்கும்' என்று சொல்வதற்குச் சற்று முன்னால், படம் நின்றது.

ஒரு மணி நேரத்தில் அது லாபிஸுக்கும் சிகாமட்டுக்கும் போய்விட்டது. இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கும் என் மகன் கைப்பேசியோடு சமையலறைக்கு வந்தான். "அம்மா, இது நீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை, அறைக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் பையனின் அம்மா பள்ளி அலுவலகத்தில் இருந்தார். அழுது வீங்கிய முகம்.

"படிச்சவங்க நீங்க. பிள்ளைமேல கை நீட்டலாமா டீச்சர்? வீட்டுல நான்கூட இப்படி அடிச்சதில்ல."

நான் பேட்டரியைப் பற்றிச் சொன்னேன். அவர் மகனைப் பார்த்தார். "நீ குத்துனியா?"

பையன் தரையைப் பார்த்தபடி, "நான் ஒன்னும் செய்யல," என்றான். பத்து வயது. அப்பாவின் பெல்ட்டுக்குப் பயம். அவனை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

தலைமையாசிரியர் காணொளியை மேசைமேல் வைத்து மறுபடி ஓடவிட்டார். "பேட்டரி உப்பியிருக்கட்டும், பையன் குத்தினது இதுல தெரியலயே டீச்சர். எழுத்துல விளக்கம் குடுங்க. நீங்க என்ன எழுதறீங்களோ அதுதான் கல்வி அலுவலகத்துக்குப் போகும்," என்றார். என் மனு நிறுத்திவைக்கப்பட்டிருப்பதாகவும் சொன்னார்.

அந்த வாரம் அக்காவின் கார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி நெடுக அழுதேன். லாபிஸில் நிறுத்தி எனக்குச் சூடாகத் தேநீர் வாங்கிக் கையில் கொடுத்தார்.

"கவலப்படாத லா. ரெண்டு நாள் பேசுவாங்க, அப்புறம் வேற ஒன்னு கெடச்சா அதுக்கு ஓடிடுவாங்க."

"அத யாரு வெட்டியிருப்பாக்கா?"

"இது என்ன கேள்வி? உன் வகுப்புல யாருக்கு இவ்வளவு நல்லா வெட்டத் தெரியும்? நீதான சொன்ன, மூச்சு இழுக்கற எடத்துல வெட்டுவான்னு."

எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது அது உறுதியாகிவிட்டது.

"நான் அவகிட்ட கேக்கறேன்."

"கேக்காத. சொல்றத கேளு. பிள்ளைய மெரட்டறேன்னு அதையும் சேத்து எழுதிடுவாங்க. மத்த பிள்ளைங்ககிட்டயும் பேசாத."

விளக்கக் கடிதத்தை மலாயில் எழுத அவரே உதவினார். என் மலாய் சுமார், அவருடையது அழகு. பேட்டரியைப் பற்றி எழுத வேண்டும் என்றேன். பேனாவை மேசையில் வைத்தார்.

"எழுதினா அடுத்த கேள்வி என்ன வரும் தெரியுமா? பழுதான பொருள ஏன் வகுப்புல வச்சீங்கன்னு கேப்பாங்க. அது இன்னும் பெரிய சூசா, தீராத தொல்லை. உணர்ச்சிவசப்பட்டுட்டேன், மன்னிச்சிக்கோங்கன்னு முடிச்சிடு."

அது சரியென்றே பட்டது. ஜன்னல் ஓரம் வைத்தது நான்தானே. உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று அவர் எழுதித் தந்ததில் கையெழுத்துப் போட்டேன்.

அன்று காரில், மனம் தாங்காமல், மனு போட்டதையும் சொல்லிவிட்டேன். "அக்கா, உங்ககிட்ட ஒன்னு மறைச்சிட்டேன்…"

"தெரியும்," என்றார் சாலையைப் பார்த்தபடி. "அச்சுப்பொறியில ஒரு பக்கம் விட்டுட்டுப் போயிட்ட. நான்தான் எடுத்து உன் மேசையில வச்சேன். அத விடு இப்ப."

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். வெட்கத்தில் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

பள்ளிச் செய்தியை நிறுத்தினேன். மீதி ஒன்பது கைக்கணினிகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் வந்து நின்றார்கள். இனி இல்லை என்று மட்டும் சொன்னேன். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் மட்டும் வாசலில் நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள்போல இருந்தது. நான் கணிதப் பயிற்சி நூல்களை எடுத்துத் திருத்த ஆரம்பித்தேன். அவள் நிற்பது தெரியும். தலையைத் தூக்கவில்லை. பிறகு பார்த்தபோது இல்லை. அதற்குப் பிறகு கணித வகுப்பிலும் அவளிடம் நான் கேள்வி கேட்கவில்லை, நோட்டைத் திருத்தி எதுவும் பேசாமல் கொடுத்தேன். நான் தூக்கிவைத்துக் கொண்டாடிய பிள்ளை என்னை இப்படிச் செய்துவிட்டாளே என்ற கசப்பு. பதினொரு வயதுப் பிள்ளையிடம் ஒரு வளர்ந்த ஆசிரியை காட்டிய கசப்பு.

இரண்டு வாரம் கழித்து, மீதிக் கைக்கணினிகளையும் பள்ளியில் வைத்திருக்க வேண்டாம், உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று தலைமையாசிரியர் சொன்னார். பள்ளி முடிந்த பிறகு அறையில் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். அந்தப் பெண் பயன்படுத்தும் ஆறாம் எண் கைக்கணினியில் அன்றைய தேதியிட்ட கோப்புறை இருந்தது. அதற்குள் இரண்டு கோப்புகள். ஒன்று ஐம்பத்திரண்டு விநாடி. மற்றது ஒன்பது விநாடி.

ஐம்பத்திரண்டு விநாடியை ஓடவிட்டேன். ஆரம்பத்தில், பேட்டி கொடுக்கும் பிள்ளையின் தோளுக்கு அப்பால், ஜன்னல் ஓரத்தில் பையன் கவராயத்தால் அழுத்துவது தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் நான் அவனைக் கட்டிக்கொண்டு, இது வெடிக்கும்டா கண்ணு என்று சொல்வதும் இருந்தது. எல்லாம் இருந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடி அசலை அவள் அழிக்கவில்லை. என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை நானே பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் அலைந்திருக்கிறேன்.

ஒன்பது விநாடிக் கோப்பு உருவான நேரத்தைப் பார்த்தேன். நான் திடலில் மணல் வாளிக்குப் பக்கத்தில் நின்ற நேரம் அது.

மறுநாள் ஓய்வு நேரத்தில் அந்தப் பெண்ணை அழைத்தேன். சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, கோபமில்லாமல் கேட்டேன். "இத யாரும்மா வெட்டச் சொன்னா?"

அவள் அக்காவின் பாடத்தைச் சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை, "மலாய் டீச்சர்" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"என்ன எடுத்தன்னு காட்டச் சொன்னாங்க. காட்டினேன். அப்புறம், இது ரொம்ப பெருசு, அனுப்ப முடியாது, சின்னதா வெட்டுன்னாங்க. எங்கேர்ந்து எங்க வரைக்கும்னு அவங்களே தொட்டுக் காட்டினாங்க. ஸ்கூல் ரெக்கார்டுக்குன்னு சொன்னாங்க. அப்புறம் அவங்க போனுக்கு அனுப்பிக்கிட்டாங்க."

"நான் பாக்காம வெளிய குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"அவங்களும் டீச்சர்தானே?"

மன்னித்துக்கொள் என்றேன். அவள் தலையாட்டினாள். மணி அடித்தது, வகுப்புக்கு ஓடினாள்.

அந்த வாரம் என் கார். பள்ளி முடிந்து அக்கா வழக்கம்போல முன் இருக்கையில் ஏறி, காலணியைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். சாஆவைத் தாண்டும்வரை அவருடைய மருமகளின் வளைகாப்பைப் பற்றிப் பேசினார். லாபிஸில் நான் நிறுத்தவில்லை. கடையைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தார்.

"என்னா, பசிக்கலயா?"

"ஆறாம் நம்பர் டேப்லெட்ட திறந்து பாத்தேன்க்கா. அந்தப் பிள்ளகிட்டயும் பேசிட்டேன்."

நீட்டியிருந்த காலை மெதுவாக மடக்கிக்கொண்டார். முன்னால் ஒரு பழ லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரில் வண்டி வந்துகொண்டே இருந்ததால் முந்த முடியவில்லை. அதன் பின்னாலேயே போனோம்.

"நான் ஒருத்தருக்குத்தான் அனுப்பினேன்," என்றார் கடைசியில். "பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல இருக்கறவங்க ஒருத்தருக்கு. அவங்க குரூப்புல போடுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எதுக்குக்கா அனுப்பினீங்க?"

மடியிலிருந்த பையின் வாரை இழுத்துச் சரிசெய்தார்.

"நான் மண்ணுல பேட்டரிய பொதச்சிட்டு இருந்தேன். உங்கள நம்பித்தான் பிள்ளைங்கள விட்டுட்டுப் போனேன்."

"நீ ரெண்டு வாரம் இதே சீட்டுல என் பக்கத்துல உக்காந்து வந்த," என்றார். குரல் உயரவில்லை. "தெனமும் என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்ச. ஒரு வார்த்த சொன்னியா? இருபத்தாறு வருஷம் நான் இந்த வேலைக்குக் காத்திருக்கேன். நீ வந்து பதினொரு வருஷம். டேப்லெட்ட தூக்கிக்கிட்டு ஆடினா மேல தெரியுது. நான் மலாய் சொல்லிக்குடுத்தா யாருக்குத் தெரியுது?"

"நான் சொல்லாதது தப்பு. அதுக்கு என்னத் திட்டியிருக்கலாம். பேசாம இருந்திருக்கலாம். என் கடிதத்த நீங்க எழுதினீங்கக்கா. பேட்டரிய விடச் சொன்னீங்க. அந்தப் பிள்ளகிட்ட கேக்காதன்னு சொன்னீங்க."

அந்தப் பகுதிக்கு அவரிடம் காரணமே இல்லை என்று நினைக்கிறேன். முதலில் அனுப்பியது ஒரு நிமிட ஆத்திரம் என்று நான் நம்பத் தயார். ஆனால் அடுத்த இரண்டு வாரம்? தேநீர் வாங்கிக் கொடுத்தபோது அவர் மனதில் என்ன இருந்திருக்கும்? என் முதுகைத் தடவிக்கொடுத்த கை அது. இன்றும் எனக்கு வலிப்பது அந்த ஒன்பது விநாடி இல்லை. அந்தத் தேநீர்தான்.

சிகாமட் இன்னும் இருபது நிமிடம் இருந்தது. இறக்கிவிட வேறு இடமில்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார், நான் லாரியைப் பார்த்தபடி ஓட்டினேன். அவருடைய தாமான் வாசலில் நிறுத்தினேன். காலணியை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். மறுநாளிலிருந்து தனித்தனிக் கார்.

ஐம்பத்திரண்டு விநாடிக் காணொளியைத் தலைமையாசிரியரிடம் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். "இத முதல்லயே காட்டியிருக்கலாமே டீச்சர்!" என்றார். அலமாரியில் இருந்தது, இப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னேன். யார் வெட்டச் சொன்னது என்று அவர் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். அக்காவைக் காப்பாற்ற அல்ல. சொன்னால் அந்தப் பெண்ணை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், அவள் அம்மா வேலைக்கு விடுப்புப் போட்டு வந்து உட்கார வேண்டியிருக்கும். பழைய நட்புக்காக விட்டுவிட்டேன் என்று அக்கா நினைத்திருக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும்.

கல்வி அலுவலகத்துக்கு இரண்டாவது விளக்கம் போனது. இதை நானே எழுதினேன், தப்பும் தவறுமான மலாயில். பழுதான பொருளை ஜன்னல் ஓரம் வைத்ததற்கு எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது நியாயம். மற்றதை மூடிவிட்டார்கள். பையனின் அம்மா ஒரு மாலை பள்ளி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் கண்ணு போயிருக்கும்ல டீச்சர்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முழுக் காணொளியைத் தலைமையாசிரியர் பெற்றோர் குழுவில் போட்டார். மூன்று பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அவ்வளவுதான். லாபிஸுக்கும் சிகாமட்டுக்கும் அதை யாரும் அனுப்பவில்லை. இன்றும் சந்தையில் என்னைப் பார்த்து இரண்டு பேர் குசுகுசுத்தால், அவர்கள் பார்த்தது சின்னதுதான் என்று எனக்குத் தெரியும். என் மகனுக்கு முழுவதையும் காட்டினேன். பார்த்துவிட்டு, "சாரிம்மா," என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

துணைத் தலைமையாசிரியர் பதவிக்கு வேறு பள்ளியிலிருந்து ஒருவர் வந்தார். எனக்கும் இல்லை, அக்காவுக்கும் இல்லை. நாங்கள் இருவரும் இப்போதும் அதே ஆசிரியர் அறையில்தான் இருக்கிறோம். கால அட்டவணையைப் பற்றிப் பேசுவோம். 'டீச்சர்' என்று கூப்பிடுகிறேன். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பழகிவிட்டது.

கைக்கணினிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், பேட்டரிகளைச் சோதித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று புதிய துணைத் தலைமையாசிரியர் சொன்னார். பள்ளிச் செய்தியை மறுபடி ஆரம்பித்தேன். பிள்ளைகள் கூச்சலோடு வந்தார்கள். அந்தப் பெண் வரவில்லை. வருவாள் என்று இரண்டு செவ்வாய் காத்திருந்தேன். மூன்றாவது வாரம் வலைப்பந்துப் பயிற்சிக்காகத் திடலில் நின்றவளிடம் நானே போனேன்.

"பள்ளிச் செய்திக்கு வரலயாம்மா? உன் அளவுக்கு யாருக்கும் வெட்ட வரல."

"வேணாம் டீச்சர்."

"அன்னைக்கு நடந்ததுக்காகவா? அதுல உன் தப்பு ஒன்னும் இல்ல. எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும் டீச்சர்."

"அப்புறம் ஏன்?"

பந்தைக் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். பதில் சொல்லமாட்டாள் என்று திரும்பப் போனேன்.

"மலாய் டீச்சர் கேட்டாங்க, நான் குடுத்தேன்," என்றாள் பின்னாலிருந்து. "நீங்க கேட்டிருந்தா உங்களுக்கும் குடுத்திருப்பேன். ரெண்டு வாரம் நீங்க கேக்கவே இல்லையே டீச்சர்."

அவள் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு குழுவோடு ஓடிவிட்டாள். நான் திடலில் நின்று பயிற்சி முடியும்வரை பார்த்தேன். நன்றாகத்தான் ஆடினாள்.